நீ பார்க்காத கையெழுத்து

போனை எடுக்காத என் அப்பாவுக்கு,

அம்மா தூங்குகிறாள். விளக்கைப் போட்டால் எழுந்துவிடுவாள் என்று உன் போன் வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். சவுதியில் உன்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த பக்கத்து ஊர் அண்ணன் உன் பையைக் கொண்டுவந்தபோது இந்தப் போனும் அதில் இருந்தது. நீதான் வரவில்லை. உன்னை அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

கரும்பு வெட்டிய கூலி கைக்கு வந்ததும் அம்மா முதலில் உன் நம்பருக்குத்தான் ரீசார்ஜ் செய்கிறாள். உன் பேங்க் கணக்கு இந்த நம்பரில்தானே இருக்கிறது? நீ இறந்ததை நாங்கள் பேங்க்கில் சொல்லவில்லை. சொன்னால் கணக்கைப் பூட்டிவிடுவார்கள் என்று மாமா சொன்னார். உன் கார்டில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாப்பிட்டோம். நீ கட்ட ஆரம்பித்த வீட்டுக்கு இன்னும் தகரம்தான் கூரை.

போன வாரம் கார்டு வேலை செய்யவில்லை. கள்ளக்குறிச்சிக்குப் போய்க் கேட்டோம். பேங்க் மேடம் ஒரு படிவம் கொடுத்தார். கணக்குக்காரர் எந்த நாட்டில் வசிக்கிறார், எந்த நாட்டில் வரி கட்டுகிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். பணத்தை வெளிநாட்டில் ஒளித்து வைக்கும் பெரிய ஆட்களைப் பிடிக்க, நாடுகள் இப்போது கணக்கு விவரங்களைத் தங்களுக்குள் சொல்லிக்கொள்கின்றனவாம். பொறுமையாகத்தான் விளக்கினார்.

"சார் இப்ப எங்கம்மா இருக்கார்?"

"அங்கதாங்க இருக்காரு," என்றாள் அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டே.

நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். பெரிய ஆட்களைத் தேடிக் கிளம்பிய விதி, கரும்புக்காட்டு ஓரத்தில் இருக்கும் நம் தகரக் கூரைக்கு எப்படி வழி கண்டுபிடித்தது? உன் பணத்தைப் பற்றி இரண்டு நாடுகள் பேசிக்கொள்கின்றன. தூங்கப் போன நீ ஏன் எழுந்திருக்கவில்லை என்று இன்றுவரை ஒருவரும் எங்களிடம் பேசவில்லையே, அப்பா.

சாயங்காலம் மாமா ஆலையில் கரும்பை இறக்கிவிட்டு நேராக இங்கே வந்தார். செத்துப்போனதைச் சொன்னால் இரண்டு கவர்மென்ட்டும் கூடிப் பேசி முடிப்பதற்குள் எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளையே பிறந்துவிடும் என்றார். அம்மாகூடச் சிரித்தாள். பிறகு மாமா படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"இன்னா பாப்பா யோசிக்கற? மார்க் அட்டையில உங்கப்பா கையெழுத்த நீதான போட்ட? இதுல ரெண்டு எடத்துல போடணும், அவ்ளோதான். காலைல வந்து வாங்கிக்கினு போறேன்."

மாமா சொன்னது உண்மைதான். ஒவ்வொரு பரீட்சைக்கும் அரிசி டின்மேல் அம்மாவின் போனைச் சாய்த்து வைப்பேன். வேலை செய்யும் இடத்திலிருந்து, தலையில் தொப்பியோடு நீ வீடியோ காலில் வருவாய். "போடும்மா, நான் பாத்துக்கினுதான் இருக்கேன்" என்பாய். போட்டு முடித்ததும், "கடைசி சுழி பெரிசா வந்துடுச்சி, அடுத்த வாட்டி கம்மி பண்ணு" என்பாய். நீ பார்த்தாய், அதனால் அது உன் கையெழுத்து. இந்தப் படிவத்தில் போட்டால் அது யாருடையது?

எனக்குப் பயமாக இருக்கிறது. இதுவரை எடுத்ததைத் திருப்பிக் கேட்பார்களா? போலீஸ் வருமா? அம்மாவைக் கூட்டிப்போய்விட்டால் நான் யாரோடு இருப்பேன்? பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்ல முடியாது. உன்னிடம் சொன்னாலோ நீ பதில் பேச மாட்டாய்.

இன்னொரு பயமும் இருக்கிறது. பேங்க்கிலிருந்து மெசேஜ் வரும்போதெல்லாம் உன் பெயர் இந்தத் திரையில் ஒளிர்கிறது. நீ உயிரோடு இருப்பதாக நினைத்துப் பேசுவது அது ஒன்றுதான். நான் உண்மையைச் சொன்னால் அதுவும் நின்றுவிடும், இல்லையா? அம்மா விடாமல் ரீசார்ஜ் செய்வதும் அதற்காகத்தானோ என்னவோ. நான் கேட்டதில்லை.

எழுதுவதை நிறுத்தி, போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்துப் பார்த்தேன். பேனாவையும் எடுத்தேன். திரையில் என் முகம்தான் தெரிந்தது. பேனாவை மூடிவிட்டேன்.

மாமாவிடம் படிவத்தை வெறுமையாகத்தான் கொடுப்பேன். திட்டட்டும். அங்கிருந்து வந்த உன் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அம்மாவோடு அந்த மேடத்திடம் போவேன். "அங்கதாங்க இருக்காரு" என்று அம்மா மறுபடி சொன்னால், மீதியை நான் சொல்வேன். கூரை எப்போது வருமோ வரட்டும். நீ பார்க்காமல் உன் பெயரை நான் ஒருநாளும் எழுத மாட்டேன், அப்பா.

இது என் கையெழுத்து. சுழியைச் சின்னதாகப் போட்டிருக்கிறேன்.

உன் மகள்,
பவித்ரா