உன் அம்மா நிறுத்திய மாத்திரை

என் எலிக்காரப் பேத்திக்கு, உன் அப்பாவைப் பெற்றவள் எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே நான் நலம். உன் அம்மாவும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லலாமே என்பாய். போன் அவள் கையை விட்டு இறங்குவதில்லை. உன் பழைய எண்ணை இப்போது கேட்டாலும் ஒப்பிப்பேன். நீ புது எண் மாற்றியபோது எனக்குச் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது மறக்கவில்லை, போகட்டும். நீ கம்பளி அனுப்பிய பெட்டியின் மேல் இருந்த விலாசம் மனதில் நின்றது. மாடியில் குடியிருக்கும் டீச்சர் விரைவுத் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

விஷயம் இதுதான். உன் அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டாள். சிறுநீரகம் மாற்றியதிலிருந்து காலையும் மாலையும் விழுங்கிய அதே மாத்திரை. வெளியிலிருந்து வந்ததை அந்நியம் என்று உடம்பு அடித்துத் துரத்தாமல் இருக்கத்தான் அது, ஆயுசுக்கும் விடக்கூடாது என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார். வந்த மருமகளை ஏற்காத வீடு மாதிரி என்று வேறு விளக்கினார். அப்போது உன் அம்மா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது மாத்திரைக்குப் பதில் எண்ணெய். எங்கிருந்தோ வரவழைத்தாள். சின்னப் புட்டி, மேலே இலைப் படம். நாக்குக்கு அடியில் சொட்டு விட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்காருகிறாள். என்னடி இது என்றால், "எம்பொண்ணு கண்டுபிடிச்ச மருந்து அத்தை. மாத்திரை மாதிரி கை நடுங்காது, முகம் உப்பாது" என்கிறாள். கஞ்சாச் செடியில் எடுத்தது என்று எனக்குத் தெரியாதா? நீ கஞ்சா எண்ணெயை எலிக்குக் கொடுத்துச் சோதிக்கிறவள் என்று சொல்லாமல், அக்கம்பக்கம் கேட்டால் மூலிகை ஆராய்ச்சி என்று மழுப்புகிறவளே நான்தானே.

இது எங்கே ஆரம்பித்தது என்றும் சொல்கிறேன். போன தடவை நீ பேசியபோது போனைச் சத்தமாக வைத்திருந்தாள். பக்கத்தில் நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். "அம்மா, உடம்போட எதிர்ப்புச் சக்திய இது அப்படியே அடக்கிடுதும்மா, எலிக்கு வீங்கின காலு வத்திப்போச்சு" என்றாய். எலி என்றது என் காதில் விழுந்தது. அவள் காதில் அடக்கிடுது என்றது மட்டும்தான் விழுந்தது, மாத்திரை செய்கிற வேலையும் அதுதானே. உன்னைக் குற்றம் சொல்லவில்லை, நீ சந்தோஷத்தில் சொன்னாய். பெற்ற பெண் தனக்காகத்தான் இப்படி உழைக்கிறாள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பை என்னால் அசைக்க முடியவில்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. ஆஸ்பத்திரிக்கு நானும் ஒட்டிக்கொண்டு போனேன். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று டாக்டர் கேட்டார். கண் இமைக்காமல் போகிறது என்றாள். நான் இல்லை என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "அத்தைக்கு இப்பல்லாம் ஞாபகம் தப்பிடுது டாக்டர்" என்றாள். எனக்காம். அந்தச் சின்ன வயசு டாக்டரும் நம்பி என் தோளைத் தட்டிக்கொடுத்தார். சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். அடுத்த வாரம் தருகிறேன் என்று என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது அவள் கால் வீங்கிக் கிடக்கிறது, செருப்பு நுழையவில்லை. கேட்டால் வெயில் என்கிறாள்.

உன் அப்பா தன் சிறுநீரகத்தை அவளுக்குக் கொடுக்கிறேன் என்றபோது குறுக்கே நின்றவள் நான். இன்றைக்குக் கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அவன் போய்விட்டான். அவனுடையது என்று உயிரோடு இருப்பது நீயும், அவளுக்குள் இருக்கும் அந்தச் சிறுநீரகமும்தான். அவள் தும்மினாலும் நான் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

நான் சொன்னால் அது மாமியார் பேச்சு. நீ சொன்னால் கேட்பாள். கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. உன் வேலை இன்னும் எலியோடு நிற்கிறது, அந்தப் புட்டியில் இருப்பது நீ செய்ததே இல்லை, மாத்திரைக்கு மாற்று அது இல்லை என்று சொல். டாக்டரிடமும் நீயே பேசு. கத்தாதே, கத்தினால் எண்ணெயை ஒளித்துவைத்துக் குடிப்பாள். நான்தான் எழுதினேன் என்றுகூடச் சொல்லிக்கொள். என்னோடு பேச்சை நிறுத்துவாள். நிறுத்தட்டும். பேசாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இதே வீட்டில் என் கண்முன்னே நடமாடிக்கொண்டிருந்தால் போதும்.

நீ நூறு வயசு இரு, கண்ணு. சீக்கிரம் கூப்பிடு.

உன்னையே நம்பியிருக்கும்
அப்பாவைப் பெற்ற பாட்டி