நான் கூப்பிட்டால் அடிக்கும் உறுமி

இன்று காலை தஞ்சோங் காராங் கிளினிக்கில் பிரஷர் மாத்திரைக்கு நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சம்பந்தி. முப்பது பேர் வாய் திறக்காமல் சுவரில் மாறும் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதியில் என் பைக்குள் இருந்த போனிலிருந்து உறுமி அடித்தது. சின்ன அடி இல்லை. தீமிதியில் பூசாரி குழியில் இறங்குவதற்கு முன் அடிப்பார்களே, அந்த அடி. ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. மருந்து கொடுக்கும் பெண் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். பக்கத்தில் இருந்த மலாய்க்காரம்மா என் தொடையைத் தட்டி, "கல்யாணமா?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தாள்.

அந்தம்மாவுக்கு முதல் தடவையே கல்யாண மேளமாகக் கேட்ட சத்தம், எனக்கு நாலு வருசம் சாவு மேளமாகக் கேட்டது. நாலு வருசமும் அதற்காக உங்களை நான் மன்னிக்கவில்லை. நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. இதைச் சொல்லிவிட வேண்டும் என்று வீட்டுக்கு வந்ததும் பேத்தியின் நோட்டைக் கிழித்து எழுத உட்கார்ந்துவிட்டேன். எஸ்டேட் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் நீங்கள் திருத்தப் போவதில்லை, அது ஒரு வசதி.

என் ஞாபகம் உங்களுக்குத் தெரியும். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில் எந்த மரத்தில் எந்தக் கோப்பை உடைந்திருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். அதேபோல் யார் எப்போது என்னை என்ன செய்தார்கள் என்பதும் மறக்காது. உங்கள் பேரில் முதலில் விழுந்தது, நீங்கள் என் மகள் மகேசைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு.

எல்லாரும் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தார்கள். கலகலப்பாக்கலாம் என்று எங்கள் எஸ்டேட்டின் செவிட்டு மண்டோர் கதையை எடுத்துவிட்டேன். வேலை வாங்குகிற மண்டோர், ஆனால் காது கேட்காது. அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவோம். திரும்பிப் பார்த்தால் எங்கள் வாய் அசைவதைக் கண்டு, ஏதோ நல்லது சொல்கிறோம் என்று தலையை ஆட்டுவார். அதை எழுந்து நின்று நடித்தும் காட்டினேன். என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உங்கள் மகன் சேகர் தலையைக் குனிந்துகொண்டார், மாப்பிள்ளைக் கூச்சம் என்று நினைத்தேன். நீங்கள் மட்டும், எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பிந்திச் சிரித்தீர்கள். இவளுக்கு என் பேச்சு மட்டமாகப் படுகிறது, போனால் போகிறது என்று சிரிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கல்யாண மண்டபத்தில் உங்கள் பின்னாலேயே வந்து, "சம்மந்தி, சாப்ட வாங்க," என்று மூன்று தடவை கூப்பிட்டேன். திரும்பாமல் நடந்தீர்கள். என் தங்கச்சி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அடுத்த வருசம் என் வீட்டுக்காரர் போனார். எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து சுடுகாடு வரைக்கும் உறுமி அடித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் பல நாள் என் நெஞ்சுக்குள்ளேயே நின்றது. அது அடங்குவதற்குள் மகேஸ் முழுகாமல் இருந்தாள். ஐந்தாம் மாதம் என்னைப் பார்க்க வந்த இடத்தில் இரத்தம் பட்டுவிட்டது. கார் பிடித்துக் கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சேகர் வேலையில் போனை எடுக்க முடியாத இடத்தில் இருந்தார். உங்களுக்கு ஆறு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. பிள்ளை தங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நீங்கள் வந்து சேர்ந்தீர்கள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். "போன் எதுக்கு வாங்குனீங்க சம்மந்தி? ஊறுகா போடவா? என் மக செத்துப் போயிருந்தா அப்பவும் இப்படித்தான் சாவகாசமா வருவீங்களா?"

நீங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். கண்ணைக்கூட எடுக்கவில்லை. அந்தத் திமிரைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பதினைந்து நாள் கழித்து, மகேசுக்கு முருங்கைக் கீரையும் கருவாடும் எடுத்துக்கொண்டு சுங்கை புரோங்கில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். கேட் பூட்டியிருந்தது. வந்துவிட்டேன் என்று சொல்ல உங்களுக்குப் போன் அடித்தேன். உள்ளேயிருந்து உறுமி. இரண்டு அடிதான், உடனே நின்றுவிட்டது. "சம்மந்தி, வாங்க வாங்க," என்று நீங்கள் போனில் கத்தினீர்கள். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

உள்ளே வந்து, மகேசை விட்டு உங்களுக்குப் போன் அடிக்கச் சொன்னேன். டிங் டிங் என்று சாதாரண மணி. வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று நான் அடித்தேன். உறுமி. ஆக, என் ஒருத்திக்கு மட்டும். அன்றைக்குத் திட்டினதற்குப் பழி என்று புரிந்துகொண்டேன். தாலி இழந்தவள் கூப்பிட்டால் சாவு மேளம் அடிக்கட்டும் என்று வைத்திருக்கிறாள். புருசனைக் கொண்டுபோன சத்தத்தையே எனக்கு அடையாளமாக வைத்துவிட்டாள். கருவாட்டை மேசையில் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினேன்.

மகேசிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் வாழ்க்கைக்குள் அது போய் உட்காரும். அதற்குப் பிறகு அவசியத்துக்கு மட்டும்தான் உங்களுக்குப் போன் செய்தேன். ஒவ்வொரு தடவையும் எண்ணை அழுத்தும்போது, அங்கே ஒரு கூடத்தில் எனக்குச் சாவு மேளம் அடிக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்திருந்த மகேசுக்கு வலி கண்ட அன்றைக்கும் அடித்தேன். எடுத்த எடுப்பிலேயே, "வரேன்," என்ற ஒரே சொல். எங்கள் கார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது, நீங்கள் யாரோ பக்கத்து வீட்டுக்காரரின் நெல் லோரியில் வந்து இறங்கி வாசலில் நின்றீர்கள். தலையெல்லாம் உமி.

பேத்திக்குப் பேர் வைத்த அன்று நான் ஓரமாகத்தான் நின்றேன். நீங்களாகவே வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், முதல் ஆளாகப் பிள்ளையை என் மடியில் வைத்தீர்கள். யாரோ ஒரு கிழவி முனகினாள். "அவங்கதான் மொதல்ல வாங்கணும்," என்றீர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. நாடகம் போடுகிறாள் என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன்.

இப்படியே இருந்துவிட்டு, நீங்கள் போய்விட்டீர்கள். ஒரே நாள் காய்ச்சல் என்றார்கள். நான் வந்து தலைமாட்டில் உட்கார்ந்தேன். மற்றப் பெண்கள் எல்லாம் அழுதார்கள். எனக்கு வரவில்லை. வராததற்காக என்மேலேயே கோபம் வந்தது, அதையும் உங்கள்மேலேயே போட்டேன்.

பதினாறாம் நாள், உங்கள் வீட்டுப் பின்கட்டில் அடுப்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். மகேஸ் முன்பக்கம் இருந்தாள். தேங்காய்ப் பால் கொண்டுவரச் சொல்லப் போனை எடுத்தேன். என் போனில் பெயருக்குப் பதில் முகங்கள்தான், சேகர் செய்து கொடுத்தது. ஈரக் கை, கண்ணாடியும் போடவில்லை. மகேஸ் முகத்துக்குக் கீழே இருந்த உங்கள் முகத்தில் விரல் பட்டுவிட்டது.

கூடத்தில் சாமி மேடைப் பக்கமிருந்து உறுமி கிளம்பியது. பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். உங்கள் போனை அணைக்க மனசில்லாமல் சேகர் தினமும் மின்சாரம் ஏற்றி வைத்திருந்தாராம். நான் கரண்டியோடு ஓடி வந்தேன். நிறுத்தத் தெரியவில்லை. எடுக்க ஆள் இல்லாததால் அது போய்க்கொண்டே இருந்தது. இரண்டு அடி, நாலு அடி, பத்து அடி. அடி மாறியது. தவில் சேர்ந்தது. அப்புறம் ஓர் ஆள் தொண்டை கிழிய அம்மனை வா வா என்று அழைத்துப் பாட ஆரம்பித்தான்.

உங்கள் கோயில் திருவிழாப் பாட்டு, சம்பந்தி! உறுமி முதலில் உறுமுகிற அந்த இரண்டு அடி, சாவுக்கும் சாமிக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். போன் ஓட்டையில் கேட்டால் இன்னும் மோசம். அதற்குப் பிறகு வருவதை வைத்துத்தான் எது என்று தெரியும். அதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஏன் என்றால் இரண்டு அடிக்கு மேல் நீங்கள் அதை அடிக்க விட்டதே இல்லை.

சேகர் போனைக் கையில் எடுத்து, திரையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதார். "ஏன் தம்பி, எனக்கு மட்டும் ஒங்கம்மா இதை வச்சாங்க?" என்று கேட்டேன். நாலு வருசம் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

"அத்தே, அம்மாவுக்குக் காது கேக்காதுலா. இத்தன வருசத்துல ஒங்களுக்கே தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

நெல் ஆலையில் இருபது வருசம் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றதில் போன காதாம். இடது சுத்தமாக இல்லை. வலதில் மட்டும் பக்கத்தில் சத்தமாகப் பேசினால் கேட்குமாம். போன் மணி எதுவும் கேட்காது. யாராவது சொன்னால், இல்லாவிட்டால் திரை எரிவதைப் பார்த்தால்தான் எடுப்பீர்களாம்.

"நீங்க ஆஸ்பத்திரில திட்டுன மறுநாளு, என்னையக் கூட்டிக்கிட்டுப் போன் கடைக்குப் போனாங்க அத்தே. கடைக்காரன் ஒவ்வொரு பாட்டா போட்டுக் காட்டுறான். இவங்க செவுத்தப் பாத்துத் திரும்பி நிக்கிறாங்க. எதுவுமே கேக்கல. அவன் நொந்து போய்ட்டான். கடைசில நான் எங்க கோயில் திருவிழால போன்ல புடிச்ச உறுமிய போட்டேன். டக்குனு திரும்பிட்டாங்க. 'இத சம்மந்திக்கு வையி. மகேஸ் பத்தி அவங்கதான் கூப்புடுவாங்க. மத்தவங்க போன் போனாப் போவுது'ன்னாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

சேகர் போனைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். "பொண்ணு பாக்க வந்தப்ப நீங்க ஒரு கதை சொன்னீங்க. வீட்டுக்குப் போயி, எதுக்குடா எல்லாரும் சிரிச்சாங்கன்னு கேட்டாங்க. நான் சொல்லித் தொலைச்சிட்டேன். 'அப்ப அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத'ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. அப்புறம் மகேசுகிட்டயும் வாங்கிக்கிட்டாங்க."

கரண்டி என் கையிலேயே இருந்தது. அன்றைக்குத்தான் உங்களுக்காக அழுதேன். பதினாறு நாள் பிந்தி. எல்லாரும் முடித்துவிட்டுக் கை கழுவிய பிறகு நான் தனியாக அழுதுகொண்டு நின்றேன். நீங்கள் பிந்திச் சிரித்ததற்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அழுது முடித்ததும் எவ்வளவு இலேசாக இருந்தது தெரியுமா? காலை முழுக்கச் சுமந்த பால் வாளி இரண்டையும் கொட்டகையில் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தால் தோள் மேலே மிதக்குமே, அதுபோல. என்னை ஆகாதவள் என்று நீங்கள் ஒரு நாளும் நினைக்கவில்லை. மண்டபத்தில் நீங்கள் திரும்பாதது, நான் கூப்பிட்டது கேட்காததால். வாயையே பார்த்தீர்களே, அது திமிர் இல்லை, நான் திட்டுவதை ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். பிள்ளையை மடியில் வைத்தது நாடகம் இல்லை. வீடு திரும்புகிற வழியெல்லாம் அந்தக் கோபங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காருக்கு வெளியே போட்டுக்கொண்டே வந்தேன். சாலை இரண்டு பக்கமும் நெல் வயல்தான், தாராளமாக இடம் இருந்தது.

செவிட்டு மண்டோர் கதை மட்டும் போகவில்லை. அது உங்கள் பேரில் இருந்ததில்லை, என் பேரில்தான் இருக்கிறது. அந்தக் கதையை இனி நான் சொல்வதில்லை. அந்த மண்டோருக்கு நாங்கள் திட்டியது தெரிந்துதான் இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

பாட்டை என் போனுக்கு அனுப்பச் சொல்லி சேகரிடமே கேட்டேன். வாட்சப்பில் அனுப்பிவிட்டு, அடுத்த தடவை வந்தபோது உட்கார்ந்து வைத்துக் கொடுத்தார். "எல்லாருக்குமா அத்தே?" என்றார். "இல்ல, மகேசுக்கு மட்டும். அவ போன் தவறக்கூடாது," என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை என்று இருவருக்கும் உறைத்தது.

இன்று கிளினிக்கில் அடித்ததும் அவள்தான். முப்பது பேர் முறைத்தும் நான் எடுக்காமல் வைத்திருந்தேன். உறுமி முடிந்து பாட்டு வந்தது. அதற்குப் பிறகு எடுத்தேன். "ஏம்மா இவ்ளோ நேரம்? பயந்துட்டேன்லா!" என்று கத்தினாள். "பாட்டு வரட்டும்னு இருந்தேன்," என்றேன். உங்களை மாதிரி இரண்டாவது அடியில் எடுக்க எனக்கு இன்னும் வரவில்லை. பழகிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. பேர் வைத்த அன்று என் பாயசத்தை வாயில் வைத்துவிட்டு, அத்தனை பேருக்கு முன்னால், "சம்மந்தி, ஜவ்வரிசி வேகல," என்றீர்கள். அதற்கும் உங்கள் காதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஜவ்வரிசி நன்றாக வெந்திருந்தது. இதை நான் விடப் போவதில்லை. நேரில் பார்க்கும்போது பேசிக்கொள்வோம். உங்கள் வலது பக்கமாக வந்து நின்று, சத்தமாகவே சொல்கிறேன்.