சந்தனத்துக்குப் பின்னால் எரிந்த விளக்கு

காரைக்குடி
பங்குனி மாதம்

அன்பு மகன் மெய்யநாதனுக்கு ஆத்தா எழுதுவது. கொப்புடையம்மன் துணையால் நீயும் மருமகள் சௌபர்ணிகாவும் அந்தக் குளிர் ஊரில் சுகமாக இருக்கவேண்டும். இங்கும் எல்லோரும் சுகம் என்றுதான் கை தானாக எழுத வருகிறது, இந்தத் தடவை எழுதினால் பொய்யாகிவிடும். போனில் பேசலாம் என்றால் உன்னைப் பெற்ற அப்பச்சி பக்கத்திலேயே இருக்கிறார்கள், அதனால்தான் பேனாவை எடுத்தேன். மானகிரியில் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும், மீதியையும் தெரிந்துகொள்.

தை பிறந்ததும் கார் வந்தது, நீ ஆபீசில் வரைந்த பக்கக் கண்ணாடி வைத்த கார் என்று அப்பச்சிக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் ஆள் வந்தால் கண்ணாடி ஓரத்தில் மஞ்சள் விளக்கு எரியும், சத்தமும் போடும் என்று வருகிற போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்கள். பிள்ளையார்பட்டியில் பூசை போட்டோம், குருக்கள் வழக்கம்போல இரண்டு கண்ணாடியிலும் ஓரத்தில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். சாமி சந்தனத்தை யார் துடைப்பார்கள், அது பாட்டுக்குக் காய்ந்துபோய் இருந்தது. அடுத்த வாரமே பழனிக்கு நடக்கிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது, குன்றக்குடி போய்த் திரும்புவதற்குள் வண்டி விடாமல் கத்தித் தீர்த்துவிட்டது. காவடி தூக்குகிற சனத்தைப் பார்த்து இப்படிக் கத்துகிறதே என்று அப்பச்சிக்குச் சங்கடம், கார்க் கம்பெனிப் பையன் சதீஷ்குமாரிடம் சொல்லிச் சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டார்கள். விளக்கு இருக்கிறதே, அது போதும் என்றார்கள்.

மானகிரியில் ஒரு அறுபதாம் கல்யாணத்துக்குப் போனோம். மண்டபத்துக்குள் அப்பச்சி வண்டியை இடப்பக்கம் திருப்பும்போதுதான் அந்தப் பெண் ஸ்கூட்டியில் பக்கத்தில் வந்திருக்கிறாள். நானும் இடப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன், டமார் என்ற பிறகுதான் தெரியும். பாண்டீஸ்வரி என்று பெயர், தையல் கடை வேலை முடிந்து வீட்டுக்குப் போனவள். மதுரைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை.

ஸ்டேஷனில் வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி எஞ்சினைப் போட்டுவிட்டு ஒரு போலீஸ்காரரைப் பக்கத்தில் நடக்கச் சொன்னார். விளக்கு எரியத்தான் செய்தது, காய்ந்த சந்தனத்துக்குப் பின்னால் மங்கலாக. அந்தப் பெண்ணின் புருஷன் வேல்பாண்டியும் அங்கே நின்றான். சண்டை போடுவான் என்று பயந்தேன், அவன் என்னைப் பார்த்து, "அப்ப இந்தக் கண்ணாடி அவளப் பாத்திருக்குல்ல ஆச்சி" என்று மட்டும் கேட்டான்.

வக்கீல் இராமநாதன் வீட்டுக்கே வந்து, "அண்ணே, வெளக்கே எரியலன்னு சொல்லிருங்க, சந்தனத்தப் பத்திப் பேச வேணாம், மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றார். அதற்கு அப்பச்சி, "எரிஞ்சதப் பாத்துட்டு எரியலன்னு சொல்லச் சொல்றீகளா, எம்மகன் செஞ்ச பொருளு அது" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்கள். அதே அப்பச்சிக்குத்தான் நீ போன் போட்டு, கண்ணாடி சரியாக வேலை செய்திருக்கிறது, வண்டிக் கம்ப்யூட்டர் பதிவில் இருக்கிறது, நீங்கள்தான் கவனிக்கவில்லை என்று சொன்னாய். நீ சொன்னது நிசம்தான். ஆனாலும் அதைச் சொல்ல உனக்கு வாய் எப்படி வந்தது? அன்றைக்கு எனக்கு உன்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

வண்டி திரும்பி வந்து கொட்டகையில் நிற்கிறது. அந்தச் சந்தனத்தை அப்பச்சியே சுரண்டித் துடைத்தார்கள். தினம் காலையில் போய் வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைப் போட்டுக்கொள்கிறார்கள், எங்கும் போவதில்லை. நேற்று இடப்பக்கமாகக் காப்பி கொண்டுபோனேன். நான் கிட்டே போனதும் விளக்கு எரிந்திருக்கிறது. "இந்தா, இப்பத் தெரியுது பாரு, எம்புட்டுப் பளிச்சுன்னு தெரியுது" என்று சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார்கள். மனுசர் அழுது நான் பார்த்ததில்லை.

சித்திரையில் முதல் வாய்தா. சத்தத்தை நிறுத்தியதையும் சந்தனத்தையும் கோர்ட்டில் உள்ளபடி சொல்லப்போகிறார்களாம், என்ன ஆகும் என்று தெரியவில்லை. நீ லீவு சொல்லிவிட்டு வா. வந்து ஒன்றும் பேசவேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும். அந்தப் பெண் வீட்டுக்கும் நாம் மூவரும் போகவேண்டும், அவர்கள் கதவைச் சாத்தினாலும் போகத்தான் வேண்டும்.

நீயும் சௌபர்ணிகாவும் நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடு. இன்னொன்று, மறந்துவிடாதே. உங்கள் ஆபீசில் அடுத்த கண்ணாடி வரையும்போது சந்தனம் வைக்க ஓர் இடம் விட்டு வரை. நாங்கள் வைக்காமல் இருக்கமாட்டோம்.

உன் ஆத்தா
சாலா