லாயத்துக் கொலையை நாம் இருவர் எழுதினோம்

இன்று சாயங்காலம் திருவான்மியூர் கடற்கரையில் ஒரு குதிரை என்னை உரசாத குறையாகக் கடந்து போனது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சுற்றிவருகிற குதிரைதான். வியர்வையும் தோல் வாரும் கொள்ளும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் பட்டென்று பக்கத்தில் திரும்பி, "எழுதிக்கோடி" என்று சொல்லிவிட்டேன். அங்கே சுண்டல் தின்றுகொண்டிருந்த யாரோ ஒரு பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அவள்மேல் தப்பில்லை.

குதிரைப் பந்தயத்தை வைத்து ஒரு கொலை நாவல் எழுதலாம் என்று கிளப்பிவிட்டவள் நீ. நமக்குப் பந்தயம் என்றால் கிண்டியில் பஸ் ஜன்னல் வழியாகத் தெரியும் மதில் சுவர்தான். தி.நகரில் உள்பாவாடைக் கடை நடத்துகிறவளும் மந்தைவெளியில் கணக்கு டியூஷன் எடுக்கிறவளும் குதிரையை எங்கே கண்டார்கள் என்று கேட்டேன். "தொட்டுப் பார்த்துட்டு எழுதுவோம், வா" என்று இதே மணலுக்கு இழுத்து வந்தாய். தொட்டுப் பார்ப்பதோடு நிறுத்தினாயா? பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறியே உட்கார்ந்துவிட்டாய். நான் வெட்கத்தில் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குதிரைக்காரர் உன்னிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. "யம்மா, கெட்டியா புட்ச்சுக்கோ. இது பழைய ரேஸ் குதுர. தனியா வுட்டா அசையாது, பக்கத்துல இன்னொண்ணு ஓட்னா இதுவும் ஓடிக்கினே போவும்." இறங்கியதும் முதல் வேலையாக அதன் கழுத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாய். அந்த வாடை அப்படியே நம் முதல் அத்தியாயத்தில் வந்தது.

நாம் எழுதிய விதத்தை வெளியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மாத நாவல்தான், அட்டையில் ஓர் ஆண் பெயர், உள்ளே நாம் இரண்டு பேர். ஒற்றைப்படை அத்தியாயம் என்னுடையது, இரட்டைப்படை உன்னுடையது. கொலைகாரன் யார் என்று ஒருத்தி மற்றவளிடம் மூச்சு விடக் கூடாது. ஒருத்தி எழுதியதை மற்றவள் மாற்றவும் கூடாது. நீ கையால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புவாய், உன் கோழிக் கிறுக்கலைத் திட்டிக்கொண்டே நான் டைப் அடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை லஸ் முனையில் காபி குடிக்கும்போது நான் யாரை மனத்தில் வைத்திருக்கிறேன் என்று என் முகத்திலேயே படித்துவிடப் பார்ப்பாய். வாசகரை ஏமாற்றுவதெல்லாம் அப்புறம்தான். எனக்கு உன்னை ஏமாற்ற வேண்டும், உனக்கு என்னை.

அந்தக் கதையில் குதிரைக்குப் பெயர் 'சாரி மேடம்'. நான் எப்போதும் தாமதமாக வந்து அதைச் சொல்வதால் நீ வைத்தது. பந்தயத்துக்கு முதல் நாள் அதன் பயிற்சியாளரை லாயத்தில் யாரோ கடிவாள வாரால் கழுத்தை இறுக்கிக் கொன்றுவிட்டு, வாரைக் கொள்ளு மூட்டைக்குள் ஒளித்துவைக்கிறார்கள். ஜாக்கி, குதிரைச் சொந்தக்காரரின் மச்சான், கால்நடை டாக்டர் என்று சந்தேகத்துக்கு மூன்று பேர். துப்பறிவது வழக்கம்போல நம் விசாலம் டீச்சர். ரிட்டயரான கணக்கு டீச்சர், நம் எல்லா நாவல்களிலும் வருகிறவள், என் கைவண்ணம். "நீயேதான் அது, மூக்குக் கண்ணாடிய மட்டும் மாத்திருக்க" என்று நீ கிண்டல் செய்வாய்.

உன் நாலாம் அத்தியாயத்தில் ஒரு தவறு இருந்தது. விசாலம் டீச்சர் லாயக்காரனிடம், அந்த வாரைக் கடைசியாகத் தொட்டது யார் என்று கேட்கிறாள். வாரால்தான் கொலை நடந்தது என்பது படிக்கிறவர்களுக்குத் தெரியும், கதைக்குள் இருக்கும் யாருக்கும் அதுவரை தெரியாதே என்று உன்னைப் பிடித்துக்கொண்டேன். நீ காபியை ஆற்றியபடி, "இருக்கட்டும்ட்டி, யாரு கவனிக்கப் போறா" என்றாய். சோம்பேறி என்று நினைத்துக்கொண்டு அடுத்ததை எழுதப் போய்விட்டேன்.

பாதிக் கதையில் உனக்கு உடம்பு முடியாமல் போனது. மீதியை அடையாற்றில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி எழுதினாய். எழுத்து இன்னும் கோணிக்கொண்டு போயிற்று, குறும்பு மட்டும் குறையவில்லை. நான் கால்நடை டாக்டரைத்தான் குறிவைத்திருக்கிறேன் என்று கண்டுபிடித்து, உன் கடைசி அத்தியாயத்தில் அவரையே கொன்றுபோட்டாய். அவர் சாகும்போது மற்ற இருவரும் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் பஸ் பிடித்து நேரே உன் கட்டிலுக்கு வந்தேன். கதையை என் தலையில் கட்டிவிட்டு நீ பாட்டுக்குப் படுத்துக்கொண்டால் எப்படி, யார் என்று சொல்லித் தொலை என்றேன். உன் மகள் என்னைத் தடுக்கப் பார்த்தாள். நீ சிரித்தாய்.

"சொல்ல மாட்டேன். சொன்னா எழுதி முடிச்சிட்டுச் சும்மா உக்காந்திருவ. சொல்லலைன்னா என்னைய ஏசிக்கிட்டாவது இருப்பல்லா."

அதற்கப்புறம் நாம் கதையைப் பற்றிப் பேசவில்லை. பேச நாளும் இருக்கவில்லை.

நீ போனபின் பல மாதம் நான் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை. பதிப்பாளர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, சுமாராக ஏதாவது முடித்துக் கொடுங்கள் போதும் என்றார். சுமாராக என்ற சொல் சுருக்கென்றது. உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன், என்னுடையதை விட்டுவிட்டு உன்னுடையதை மட்டும் வரிசையாக. வாரைப் பற்றி விசாலம் கேட்கிறாள். உன் அடுத்த அத்தியாயத்தில், கொள்ளு மூட்டை அறையில் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று இன்ஸ்பெக்டரைத் திருப்பி அனுப்புகிறாள். அதை அவளுடைய புத்திசாலித்தனம் என்று நான் ரசித்திருந்தேன். டாக்டர் செத்த அறையிலிருந்து கடைசியாக வெளியே வந்ததும் அவள்தான். அடிப்பாவி. நாலாம் அத்தியாயத்திலேயே தொடங்கியிருக்கிறாய். என் விசாலத்தை, என் மூக்குக் கண்ணாடியை, கொலைகாரியாக்கியிருக்கிறாய்.

வாய்விட்டுச் சிரித்தேன். யாருமில்லாத வீட்டில் அந்தச் சிரிப்பு எனக்கே நன்றாக இல்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று கூவ வேண்டும்போல இருந்தது. சொன்னால் புரிகிற ஒரே ஆள் நீதான். அழுதேன். பிறகு கோபம் வந்தது. விசாலம் ஜெயிலுக்குப் போனால் அவளை வைத்து நான் இனி ஒரு வரி எழுத முடியாது. உனக்குப் பிறகு நான் தனியாக எழுதக் கூடாதென்றா இப்படிச் செய்தாய்? நாலாம் அத்தியாயம் எழுதும்போதே உன் உடம்புக்கு என்னவென்று உனக்குத் தெரியுமா? அல்லது வெறும் விளையாட்டா? ஊரையே சந்தேகப்படும் எனக்கு, எதிரே உட்கார்ந்து காபி குடித்தவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வேறு யாரையாவது மாட்டிவிட்டு அவளைத் தப்பிக்க வைத்திருக்கலாம். இரண்டு இரவு அதற்கும் வழி தேடினேன். ஆனால் நீ எழுதியதை நான் மாற்றக் கூடாதே. விசாலம் டீச்சரை இன்ஸ்பெக்டரின் ஜீப்பில் ஏற்றினேன். யார் என்று மட்டும்தான் நீ சொல்லியிருந்தாய், ஏன் என்பதை நான்தான் எழுத வேண்டியிருந்தது. நன்றாகவே எழுதினேன் என்று நினைக்கிறேன். நாவல் வந்துவிட்டது. எதிர்பார்க்கவே இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்களாம். பதிப்பாளர் என்னைப் பாராட்டினார். அது நான் போட்ட முடிச்சு இல்லை என்றேன், அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அவர் கேட்கிறாரே என்று புதுக் கதை ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். துப்பறிய வேறு ஆள், கொலை நடப்பது ஒரு நகைக்கடையில். முதல் அத்தியாயத்தை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அதோடு நிற்கிறது. தினமும் காலையில் உட்காருகிறேன், இரண்டு என்று மேலே போடுகிறேன், எழுந்துவிடுகிறேன். இரண்டாவதை எப்போதும் நீதானே எழுதுவாய்.