உள்ளிருந்து ஒரு தட்டு

மில் கட்டிலில் காலாட்டிக்கொண்டு இதைப் படிக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நானும் பாப்பாவும் நலம். உங்கள் தம்பி நலம். படகும் நலம், நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்றாலும் சொல்லிவைக்கிறேன். மாவு மூட்டை தூக்கித் தோள் வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். காலமெல்லாம் வலை இழுத்த தோளுக்கு மூட்டை ஒரு பாரமா? இரவில் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுப் படுங்கள். கொடுக்க ஆள் இல்லை என்று சொன்னால் அது நீங்களாகத் தேடிக்கொண்டது.

இனிமேல் எழுதப்போவதைக் கோபப்படாமல் படியுங்கள். நான் கடலுக்குப் போகிறேன். கூலிக்கு வந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். உங்கள் தம்பி ஒருவராகவே படகையும் பிடித்து வலையையும் விட முடியாது. மீனவன் பெண்ணாகப் பிறந்து மீனவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். நனைந்தாயிற்று, இனி முக்காடு எதற்கு என்று கிளம்பிவிட்டேன். நான் கடலுக்குப் போகும் இரவுகளில் பாப்பா பக்கத்து வீட்டு அக்காவிடம் தூங்குகிறாள்.

முதல் நாள் துறையில் ஒரே சிரிப்பு. ஐஸ் உடைக்கிறவர், "என்ன தங்கச்சி, புருஷன் கடலை விட்டு ஓடிட்டான், நீ கடலுக்குள்ள ஓடுறியா?" என்று எல்லோர் முன்பும் கேட்டார். "ரெண்டு பேரும் ஒரே பக்கம் ஓடினா நல்லாவா இருக்கும்ணே?" என்றேன். அதன் பிறகு அவர் சுத்தியலுக்குத்தான் வேலை, வாய்க்கு இல்லை. ஆனாலும் அவர் கேட்டது உள்ளே குத்தியது. மீன் அள்ளிக் கொட்டுகிற காலத்தில் நீங்கள் ஏன் போனீர்கள் என்று ஊருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பயந்துவிட்டீர்கள் என்று பேசிக்கொள்கிறார்கள்.

அந்தப் பயம் எப்படியிருக்கும் என்று நானும் பார்த்துவிட்டேன். விளக்கைக் கண்டு ஒரு முரல் மீன் தண்ணீரை விட்டுத் துள்ளிப் பாய்ந்தது. அதன் ஊசி மூக்கு என் சட்டைக் கையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிட்டது. கொஞ்சம் தள்ளியிருந்தால் கழுத்து. உங்கள் தம்பி அலறிய அலறலில் எனக்கு அலற நேரமில்லாமல் போயிற்று. இன்னொரு நாள் இருட்டில் படகை ஒட்டியே யாரோ பெருமூச்சு விட்டார்கள். அழுகிய மீன் நாற்றம் அடித்தது. எங்கள் படகைவிடப் பெரிய முதுகு ஒன்று மெல்ல எழும்பி, எங்களை இரண்டு பைசாவுக்குக்கூட மதிக்காமல் மூழ்கியது. அப்புறம் ஒரு நாள் வலையோடு வெளுத்த கை ஒன்று வந்தது. ஐந்து விரலும் விரித்தபடி. விளக்கைக் கிட்டே கொண்டுபோனால், தண்ணீர் நிரம்பிய ரப்பர் கையுறை! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்? கரைக்கு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

இவற்றில் எதைக் கண்டு நீங்கள் போனீர்கள்? எதுவாக இருந்தாலும் நான் பார்த்தாகிவிட்டது, உயிரோடுதான் இருக்கிறேன். திரும்பி வாருங்கள். வீடு வீடாக இல்லை. விடியும் முன்னே கரைக்கு வந்து, கூப்பிட்டால் தெருவே எழுந்துவிடும் என்று, விரல் முட்டியால் கதவைத் தட்டுவீர்களே. அடுத்தடுத்து இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. முழித்திருக்கிறேன் என்று நான் உள்ளிருந்து ஒரு தட்டு. பிறகுதான் தாழ்ப்பாள். இப்போது பாப்பா சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தைக் கவிழ்த்து அப்படியே தட்டிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். நான் ஒன்று தட்டும்வரை எழுந்திருப்பதில்லை.

வந்து கதவைத் தட்டுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

உங்கள் படகையும் உங்கள் பெயரையும் காப்பாற்றிக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி.

*

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. நான் பக்கம் பக்கமாக எழுதினால் நீங்கள் ஒற்றை வரி எழுதுகிறீர்கள். "கடலுக்குப் போறதுன்னா போ, துடுப்புல மட்டும் காது வைக்காதே." தோள் எப்படியிருக்கிறது என்றுகூட இல்லை. ஏன் வைக்கக் கூடாது என்றும் இல்லை. இப்படி எழுதினால் நான் வைக்காமல் இருப்பேனா? இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டு இதுகூடவா தெரியவில்லை?

ஆனால் தபால் வந்தபோதே நான் வைத்தாகிவிட்டது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

வலை வெறுமையாக வந்துகொண்டிருந்தது. நீங்கள் இருந்தவரை கத்தாழை மீன் எங்கே கூடியிருக்கிறது என்று துடுப்பில் காது வைத்தே கண்டுபிடிப்பீர்கள். உங்கள் தம்பி அப்படிக் காது வைக்கவே மாட்டேன் என்றார். கேட்டால், "எனக்குக் காது அவ்வளவா கேக்காது அண்ணி" என்றார். பக்கத்துத் தெருவில் பணியாரம் வெந்தால் இங்கே கேட்கிற காது அது! நானே செய்தேன். இன்ஜினை நிறுத்தி, விளக்கை அணைத்து, துடுப்பின் அகல முனையைத் தண்ணீருக்குள் இறக்கி, கைப்பிடியில் காதை ஒட்டினேன்.

எவ்வளவு சத்தம் உள்ளே! மேலே ஒரு சின்ன அலைகூட இல்லை, கீழே கத்தாழைகள் கொர் கொர் என்று கல்யாண வீடுபோல் இரைகின்றன. இந்தச் சந்தோஷத்தை ஒரு நாளாவது என்னிடம் சொன்னீர்களா? வலை விடச் சொல்லிக் கையைத் தூக்கினேன். அப்போது அத்தனை மீனும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன.

அந்த அமைதியில், தூரத்தில், தட்டினார்கள். அடுத்தடுத்து இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று.

நான் பயப்படவில்லை. அதுதான் எனக்கு இப்போது பெரிய பயமாக இருக்கிறது. நீங்கள் வந்துவிட்டீர்கள் என்றுதான் தோன்றியது. எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோனது. தூக்கத்தில் எழுந்து கதவருகே போகிறவள் போல, படகின் பலகையில் விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டேன்.

தட்டிய பிறகுதான் உறைத்தது. உங்கள் தம்பி முன்பக்கத்தில் இரண்டு கையாலும் வலையை இறக்கிக்கொண்டிருந்தார். விளையாடுகிறாரோ என்று நினைக்கக்கூட வழியில்லை. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அது மறுபடியும் தட்டியது. இந்தத் தடவை துடுப்பில் இல்லை. நான் கை வைத்திருந்த பலகைக்கு நேர் கீழே, என் உள்ளங்கையில் அதிர்வு ஏறும்படி தட்டியது. உங்கள் தம்பிக்கும் கேட்டது. வலையை அப்படியே வெட்டிவிட்டுவிட்டு இன்ஜினைக் கிளப்பினார்.

கரையில் வைத்துத்தான் சொன்னார். போன மீன்காலத்தில் ஒரு நாள் நீங்கள் காது வைத்துக் கேட்டபோது கீழே ஏதோ டொக் டொக் என்று சும்மா தட்டிக்கொண்டிருந்ததாம். நீங்கள் விளையாட்டாக, "யாருப்பா அது, எங்க வீட்டுக் கதவை இப்படித் தட்டணும்" என்று சொல்லி, துடுப்பில் நம் வீட்டுத் தட்டைத் தட்டிக் காட்டினீர்களாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் என்பது இதுதானே? அடுத்த நாளிலிருந்து அது நம் தட்டையே தட்ட ஆரம்பித்துவிட்டது. எங்கே வலை விட்டாலும் தேடி வந்தது. நீங்கள் பதில் தட்டவே இல்லை. ஒவ்வொரு இரவும் கரைக்கு இன்னும் கிட்டே வருகிறது என்று தெரிந்ததும், "நான் இங்க இருந்தா என் பின்னாடியே வீட்டுக்கு வந்துடும். நான் தொலைவாப் போயிடுறேன். வீட்டுல சொல்லாதே" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினீர்களாம்.

உங்களைக் கோழை என்று ஊர் பேசும்படி விட்டேன். நானும் அப்படித்தான் நினைத்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்தத் தட்டைத் தட்டியிருக்க மாட்டேனே! கடைசியில் உங்கள் தம்பி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "அண்ணன்கிட்ட இருந்து அது தட்ட மட்டும்தான் கத்துக்கிச்சு. தட்டினா உள்ளேயிருந்து பதில் வரும்னு இன்னைக்குத்தான் அதுக்குத் தெரிஞ்சுச்சு அண்ணி."

ஒன்றும் இருக்காது. ஏதாவது மரக்கட்டை அடியில் சிக்கியிருக்கும். நீங்களும் அப்படித்தான் என்று ஒரு வரி எழுதுங்கள். எனக்கு அது போதும்.

பகலிலும் விளக்கேற்றி வைத்துக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி.

*

என் உயிரே,

இப்படி உங்களைக் கூப்பிட்டதில்லை. இன்று தோன்றுகிறது.

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் இன்று காலையில் கொடுத்தார். "மில்லில் மாற்று ஆள் வந்ததும் கிளம்பிவிடுவேன். நான் வரும்வரை யார் தட்டினாலும் பதில் தட்டாதே" என்று எழுதியிருக்கிறீர்கள். மாற்று ஆள் வந்துவிட்டாரா, நீங்கள் கிளம்பிவிட்டீர்களா, எந்த பஸ், ஒன்றும் எழுதவில்லை. இந்த ஒற்றை வரிப் பழக்கத்தால் என்னைக் கொல்கிறீர்கள்.

நாங்கள் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டோம். படகை மணலில் ஏற்றிக் கவிழ்த்துப் போட்டிருக்கிறோம். துறைக்குப் போகிற பாதையில்கூட நான் நடப்பதில்லை. பாப்பா என்னோடு வீட்டிலேயே தூங்குகிறாள்.

நேற்று விடியும் முன்னே கதவு தட்டப்பட்டது. நம் தட்டு. உங்கள் கை எப்படி விழுமோ அப்படியே, கடைசித் தட்டு கொஞ்சம் சோர்ந்து விழுவது உட்பட. பாப்பா துள்ளி எழுந்து, "அப்பா வந்துட்டாங்க!" என்று ஓடினாள். எட்டிப் பிடித்து வாயைப் பொத்தினேன். என் கையை அவள் கடித்தாள். நான் விடவில்லை. கூப்பிடுங்கள், ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். நீங்களாக இருந்தாலும் கூப்பிட மாட்டீர்கள். தெரு எழுந்துவிடும் என்று வாயே திறக்க மாட்டீர்கள். அந்த நல்ல குணத்தை நேற்றுத்தான் முதல் தடவையாகச் சபித்தேன்.

மறுபடி மறுபடி தட்டியது. முதலில் கதவின் நடுவில். அப்புறம் கொஞ்சம் கீழே. கடைசியில் வாசல்படியை ஒட்டி, தரையில் கிடந்து தட்டுவதுபோல். பலம் குறைந்துகொண்டே போனது. பிறகு நின்றுவிட்டது. நன்றாக விடிந்து, தெருவில் ஆள் நடமாட்டம் கேட்ட பிறகுதான் தாழ்ப்பாளை எடுத்தேன். யாரும் இல்லை. மழை பெய்யவில்லை, ஆனால் வாசல்படி நனைந்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

கடல் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அப்புறம் உட்கார்ந்து யோசிக்க யோசிக்க, வியர்வையும் உப்புதானே என்று தோன்றியது. கண்ணீரும் அப்படித்தான். உங்கள் தம்பி பஸ் நிற்கிற இடத்தில் போய் விசாரித்தார். இரவு பஸ்ஸில் யாரும் இறங்கவில்லை என்று டீக்கடைக்காரர் சொல்கிறார். அவர் அந்த நேரத்தில் குறட்டை விட்டுத் தூங்குகிற ஆள் என்று ஊருக்கே தெரியும். "அண்ணனா இருந்தா எங்க போயிருப்பார் அண்ணி? என் வீட்டுக்கு வந்திருப்பாரே" என்கிறார். அதுவும் சரிதான். சரிதான் என்று நூறு தடவை சொல்லிக்கொண்டேன்.

இன்னும் கிளம்பவில்லை என்றால் இதைக் கேளுங்கள். வராதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் உச்சி வெயிலில் வாருங்கள். கதவைத் தட்ட வேண்டாம். தெருமுனையில் நின்று பாப்பாவின் பெயரைச் சொல்லி ஊர் அதிரக் கூப்பிடுங்கள். அவள் பெயரைக் கடலில் நீங்களும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் அதற்குத் தெரியாமல் நம்மிடம் மிச்சமிருக்கிறது.

இந்தக் கடிதத்தை மில் விலாசத்துக்கே போடுகிறேன். கையில் கிடைத்ததும் எனக்குப் பதில் போடுங்கள். ஒற்றை வரி போதும், ஒற்றைச் சொல் போதும், வெறும் தாளை மடித்து அனுப்பினாலும் போதும். நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால், நேற்று யாருக்குக் கதவைத் திறக்காமல் விட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு எத்தனை இரவு தட்டினாலும் நான் தாங்கிக்கொள்வேன்.

பாப்பா என்னோடு பேச மாட்டேன் என்கிறாள். அப்பாவை வெளியே நிறுத்திவிட்டேனாம். தூக்கத்திலும் விரலை மடக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், தட்டுக் கேட்டால் பதில் தட்டுவதற்கு. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். சீக்கிரம் எழுதுங்கள். எனக்கும் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது.

தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கம் இருக்கும்,
உங்களவள்.