பரதன் என்று வசந்தி கூப்பிடப் போகிறாள்

அன்பு மச்சான் பரதா,

நீ இருக்கும் இடத்தில் இரும்புக் கேட்டு, கிரில் வேலைக்கெல்லாம் ஆள் தேவைப்படுமா, தெரியவில்லை. இங்கே அடுகோடியில் நம் பட்டறையில் உன் வெல்டிங் கண்ணாடி அதே ஆணியில்தான் தொங்குகிறது. எனக்கு அது சேரவில்லை. என் தலை பெரிசு என்று நீ சொன்னது சரிதான். அந்தத் தலைக்குள் என்ன இருக்கிறது என்று நீ சொன்னதை இங்கே எழுத மாட்டேன். நாலு பேர் படிப்பார்கள்.

சேதி என்னவென்றால், இந்த வயதில் எனக்கு மகன் பிறந்திருக்கிறான். காலேஜ் போகும் மகள் தோழிகளிடம் சொல்ல வெட்கப்படுகிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெயர் வைக்கிறோம். பரதன் என்றுதான் வைப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

என் மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. "நல்ல பேருதான் மாப்ள. ஆனா அல்பாயுசுல போனவரு பேரு, பச்சக் குழந்தைக்கு எதுக்கு?" என்றார்.

பத்தாம் வகுப்பையே இரண்டு முறை எழுதியவன் நான். இருந்தாலும் விடவில்லை. போனில் உபன்யாசமாகத் தேடிக் கேட்டுவிட்டு வந்து முழங்கினேன்: "அத்தை, சிங்கக் குட்டியோட விளையாடின பரதன், அண்ணன் பாதுகையை சிம்மாசனத்துல வச்சு நாட்டை ஆண்டான். எப்பேர்ப்பட்ட பேரு!"

"மாப்ள, சிங்கத்தோட விளையாடினது சகுந்தலை புள்ள. பாதுகை வச்சது கைகேயி புள்ள. ரெண்டு பேரையும் சேர்த்து வெல்டிங் வச்சுட்டீங்களே!"

என் மனைவி கலா சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்துக்கொண்டான். மானம் போகிறதே என்று மூன்றாவது பரதனை இழுத்தேன். ஆசையாக வளர்த்த மானையே நினைத்துச் செத்து, மானாகவே பிறந்த ராஜா. "என் பேரன் மானாப் பொறக்கணுமா?" என்றார் அத்தை. ஆயுதத்தை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன், பார்.

ஆனால் கேட்டதில் ஒன்று மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. சகுந்தலை பிள்ளையோடு வந்து நின்றபோது, துஷ்யந்தன் தெரியாது என்று சொல்லிவிட்டான். அப்போது வானத்திலிருந்து ஒரு குரல், 'இவன் உன் பிள்ளை, இவனைத் தாங்கு' என்றதாம். அதனால்தான் பரதன் என்று பெயராம். தாங்குகிறவன் என்றும் அர்த்தம் உண்டாம். மானாகப் பிறந்த அந்த ராஜாகூட அடுத்த பிறவியில் பல்லக்குத் தூக்கினானே.

மாடிக்கு இரும்புக் கேட்டை ஏற்றும்போது, "நீ மேல நின்னு வழி சொல்லு மச்சான்" என்று கீழ்ப் பக்கத்தை நீயே பிடித்துக்கொள்வாய். பாரமெல்லாம் கீழே இருப்பவன் தோளில்தான் என்பது, நீ போன பிறகுதானே எனக்குத் தெரிந்தது?

இதற்கிடையில் கலா ஒன்று கேட்டாள். "வசந்திகிட்ட கேட்டீங்களா? அடுத்த வீடு. நாம கூப்பிடறதெல்லாம் அவ காதுல விழுமே."

சுருக்கென்றது. உன் மனைவியை நான் யோசிக்கவே இல்லை, மச்சான்.

போனேன். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கை நின்றுவிட்டது. வேண்டாம் என்பாள் என்று நானே எழுந்துவிட்டேன்.

"அண்ணா, எங்க வீட்டு வழக்கம், புருஷன் பேரைச் சொல்லக் கூடாது. 'ஏங்க', 'இந்தாங்க'ன்னே காலம் போயிடுச்சு. ஆஸ்பத்திரில பேரு கேட்டாங்க. அப்பக்கூட வாய் வரல, எழுதித்தான் காட்டினேன். ஒரு தடவயாவது வாய்விட்டுக் கூப்பிடணும்ணா. குழந்தைன்னா கூப்பிடலாமில்ல?"

அவளுக்குள் இப்படி ஓர் ஆசை இருந்தது உனக்குத் தெரியுமா?

வீட்டுக்கு வந்து, பிள்ளையின் காதில் முதலில் பெயர் சொல்லப் போவது வசந்தி என்றேன். அத்தை பதறினார். "நல்ல காரியத்துல அவளா? நாலு பேரு என்ன சொல்வாங்க மாப்ள?"

இந்த முறை நான் எந்த ராஜாவையும் துணைக்குக் கூப்பிடவில்லை. "அவ வரலன்னா நானும் வரல அத்தை. தொட்டிலை நீங்களே ஆட்டிக்குங்க" என்றேன். அத்தை இன்னும் என்னோடு பேசவில்லை. கலா மட்டும் எழுந்துபோய் வசந்திக்கும் சேர்த்துப் புடவை எடுத்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சொல்லத்தான் போகிறாள். உடனே வாய் வராவிட்டால், வரும்வரை காத்திருப்போம். சாப்பாடு ஆறினால் ஆறட்டும். அந்தச் சத்தம் அங்கே கேட்டால் ஒரு தரம் திரும்பிப் பார், மச்சான். உன்னையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறாள்.

மற்றதை என்னிடம் விடு. இனி கீழ்ப் பக்கத்தை நான் பிடித்துக்கொள்கிறேன்.

உன் வசந்திக்கு அண்ணன், சின்னப் பரதனுக்கு அப்பன்,
உன் மச்சான் முருகேசன்