கம்பெனி செட்டை எடுத்தவருக்கு

மச்சான்,

போன செவ்வாய்க்கிழமை அவனியாபுரத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் நம் லோடு வண்டியின் டேஷ்போர்டுக்குள் கையை விட்டு, ஒரு கறுப்பு வளையத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பழைய சைக்கிள் டியூப்பைக் குறுக்கே நறுக்கிய வளையம். ரப்பர் வாடை இன்னும் போகவில்லை. ஆர்.சி. புத்தகம், டிபன் கேரியர், டார்ச் லைட், பீடிக்கட்டு என்று கையில் கிடைத்ததற்கெல்லாம் நீங்கள் மாட்டிவிடுகிற அதே வளையம்.

வண்டியோடு வந்த கம்பெனி பாட்டு செட் காணாமல் போனதிலிருந்து எட்டு வருடமாக அந்த இடம் பொக்கை வாயாகத்தான் கிடந்தது. உங்கள் சீப்பும் சில்லறை பில்களும் அதற்குள் கிடக்கும். போன ஆடியில் நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு, பரவை மார்க்கெட்டில் காய் ஏற்றிப் பரமக்குடிக்கு நான் ஒற்றை ஆளாக ஓட்டுகிறேன். வண்டிக்குள் எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. சகிக்கவில்லை. அதனால்தான் ஒரு செட் மாட்டிவிடலாம் என்று போனேன்.

"அண்ணே, களவாண்டவன் ஒயரை அறுத்துல்ல எடுத்துட்டுப் போவான்? இவன் ஒயரைச் சேக்கிற கப்ளரைப் பதமாக் கழட்டி, ஒயரை மடிச்சு ரப்பர் போட்டுட்டுப் போயிருக்கான். இம்புட்டு நல்ல திருடனை நான் பாத்ததில்லண்ணே" என்று எலக்ட்ரீஷியன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை; அந்த வளையத்தை மாட்டுகிற ஆள் ஒருவர்தான்.

எட்டு வருடத்துக்கு முன்பு உங்கள் தங்கை, என் மனைவி, காய்ச்சலில் போனாள். முப்பதாம் நாள் காரியம் கும்பிட்ட மறுநாளே நான் வண்டி ஏறிவிட்டேன். ஏறியதும் செட்டைத் திருகுவேன். பரமக்குடி வரை பாட்டு அலறும். நீங்கள் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவேன், அவ்வளவுதான். மானாமதுரை டீக்கடையில் ஒருநாள், "அவளைப் பத்தி ஒரு வார்த்தை பேசு மாப்ள. எனக்கும் தங்கச்சிதான?" என்றீர்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய், பாட்டை இன்னும் கூட்டி வைத்தேன். அப்போது என் புத்தி அப்படித்தான் இருந்தது.

அடுத்த வாரம் ஆரப்பாளையத்தில் வண்டியை நிறுத்தி, நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் செட்டைக் காணோம். "ஒண்ணுக்குப் போயிட்டு வாரதுக்குள்ள தூக்கிட்டான் மாப்ள!" என்று நீங்கள் போட்ட கூப்பாட்டில் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். எடுத்தவனின் அப்பன், பாட்டன், ஏழு தலைமுறை என்று ஒருவரையும் விடாமல் வைதீர்கள். பாவி மனுஷா, உங்கள் வம்சத்தையே நடுத்தெருவில் நின்று வைதிருக்கிறீர்கள்.

எனக்கு ஆத்திரம் தாளவில்லை. அந்தச் செட்டுக்குள் அவள் வாங்கிக்கொடுத்த பாட்டு சிடி இருந்தது. நான் போலீசுக்குப் போகவில்லை, கருப்பசாமி கோயிலுக்குப் போனேன். களவு கொடுத்தவர்கள் நம் பக்கத்தில் கடைசியாகச் செய்கிற காரியம்தான்; காசு வெட்டிப் போட்டேன். ஒற்றை ரூபாயைக் கல்லில் வைத்து, உளியால் இரண்டாக வெட்டி, "எடுத்தவன் நெஞ்சு இப்படியே ரெண்டாப் போகணும்" என்று சத்தமாகச் சொன்னேன். "வெட்டுன ஆளே வந்து சொன்னாத்தான் இது மீளும். வேற ஆரு வந்து அழுதாலும் ஆகாது" என்றார் பூசாரி. நீங்கள் என் பக்கத்தில் நின்றீர்கள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என்ன என்று கேட்டதற்கு, "வெயிலு மாப்ள" என்றீர்கள்.

திரும்பி வரும்போது வண்டியில் பாட்டில்லை. பாதி வழியில் நான்தான் ஆரம்பித்தேன், அவளுக்குக் கத்தரிக்காயே ஆகாது என்று. "சின்னப்பிள்ளையிலேயே ஆகாது. தட்டுக்கு அடியில ஒளிச்சு வச்சுட்டுத் தின்னுட்டேன்னு சொல்லுவா" என்றீர்கள். அழுதுவிட்டேன். நீங்கள் வண்டியை ஓரங்கட்டினீர்கள். அன்று திறந்த வாயை எட்டு வருடம் நாம் மூடவேயில்லை. புதுச் செட் வாங்கலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம், "பேசாம வர்றவன் பாதி தூங்குறவன் மாப்ள. செட்டு எதுக்கு?" என்று தட்டிக்கழிப்பீர்கள்.

டியூப் வளையத்தோடு நேராகப் பரவைக்கு, உங்கள் வீட்டுக்குப் போனேன். அதைப் பார்த்ததும் அக்கா, உங்கள் சம்சாரம், பரணிலிருந்து ஒரு சாக்கை இறக்கினார். உள்ளே செட். அதன் மேலும் இரண்டு வளையம்.

"உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு தம்பி."

"நான் காசு வெட்டுனேனேக்கா. அவரு பயப்படலையா?"

"பயப்படாமயா? மறுநாளே போயி பூசாரிகிட்ட அழுதாரு. வெட்டுன ஆளைக் கூட்டிட்டு வான்னு சொல்லிட்டாக. கூட்டிட்டுப் போனா உங்களுக்குத் தெரிஞ்சுபோகும். மறுபடி பாட்டைப் போட்டுட்டு வாயை மூடிக்கிருவீகன்னு பயம். 'சாபம் எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும், அவன் பேசுறான்ல'ன்னாரு."

நீங்கள் போனதற்குச் சர்க்கரையையும் பீடியையும்தான் டாக்டர் காரணமாகச் சொன்னார். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் மச்சான், நெஞ்சு என்றுதானே சொல்லி வெட்டினேன்? நீங்கள் போனதும் நெஞ்சுவலியில்தானே? "எது களவு, எது இல்லைன்னு சாமிக்குத் தெரியாதா தம்பி?" என்றார் அக்கா. அவருக்குப் பெரிய மனது. எனக்கு ஆறவில்லை. மூன்று நாள் வண்டி எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அதே பூசாரிதான், கண் பார்வை மங்கிவிட்டது. வெட்டிய அன்று போலவே சத்தமாகச் சொல்லச் சொன்னார். "பொருள் வந்து சேந்துருச்சு சாமி. எடுத்தது களவாணி இல்ல, எம் மச்சான். நான் விட்ட சொல்லை நானே எடுத்துக்கிறேன்" என்றேன். பூசாரி எனக்கு விபூதி பூசிவிட்டு, தட்டோடு பக்கத்தில் துழாவினார்.

"எடுத்தவரு வந்திருக்காராய்யா? அவருக்கும் பூசணும்."

உங்கள் பங்கையும் நானே கை நீட்டி வாங்கிக்கொண்டேன். பொட்டலமாக மடித்து, அந்த டியூப் வளையத்தையே மாட்டிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

செட்டை அது இருந்த இடத்திலேயே மாட்டியாயிற்று. உள்ளேயிருந்த சிடி கொஞ்சம் இழுத்தாலும் பாடுகிறது. இன்று காலை காய் ஏற்றிக்கொண்டு கிளம்பியதும் போட்டேன். அவளுக்குப் பிடித்த பாட்டு ஒன்று முழுதாக ஓடியது. முடிந்ததும் அணைத்துவிட்டேன். பக்கத்து சீட்டைப் பார்த்து, மார்க்கெட்டில் தக்காளி விலை இறங்கிய கதையிலிருந்து ஆரம்பித்தேன். பரமக்குடி போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டேதான் போனேன், மச்சான்.